தம்பி கட்டாரில், வீடு லிண்டலோடு நிற்கிறது: கொந்தராத்துக்காரருக்கு எதிராக அம்மா வழக்குப் போடலாமா?

எழுவான்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி கட்டாரில் வேலை செய்கிறான். களுவாஞ்சிக்குடியில் அம்மாவின் வளவில் அவருக்கு ஒரு வீடு கட்டக் கொந்தராத்துக் கொடுத்தான். லீவில் வந்த நேரம் தம்பியும் கொந்தராத்துக்காரரும் மூன்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். நொத்தாரிசு இல்லை. மொத்தம் 68 இலட்சம், ஐந்து கட்டமாகக் காசு, பதினொரு மாதத்தில் சாவி. அதில் ஒரு பந்தி இப்படி இருக்கிறது: "வேலை முடிந்ததும் வீடு தாயாரிடம் ஒப்படைக்கப்படும். ஒரு வருடத்துக்குள் தாயார் சுட்டிக்காட்டும் குறைபாடுகளை ஒப்பந்தக்காரர் தம் செலவில் திருத்திக் கொடுப்பார்." அம்மா எங்கும் கையெழுத்து வைக்கவில்லை. பிந்தும் ஒவ்வொரு வாரத்துக்கும் 20,000 ரூபா என்றும் ஒரு வரி உண்டு.

மூன்று கட்டக் காசு, 40 இலட்சம், போய்விட்டது. சுவர் கதவு ஜன்னலுக்கு மேலே, லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. பதினொரு மாதம் முடிந்து பல கிழமை ஆகிறது. "சாமான் விலை ஏறிவிட்டது, இன்னும் 14 இலட்சம் தந்தால்தான் கூரை" என்கிறார் அவர். இப்போது போனும் எடுப்பதில்லை. அம்மா மாதம் 18,000 ரூபா வாடகை வீட்டில். போதாததற்கு ஹார்ட்வெயார் கடைக்காரர் ஒருவர் வந்து, சீமெந்தும் கம்பியும் கடனுக்குப் போனது, 3 இலட்சத்து 60 ஆயிரம் அம்மாதான் கட்ட வேண்டும் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

அம்மா வழக்குப் போட முடியுமா, தம்பி வந்துதான் போட வேண்டுமா? என்ன கேட்கலாம்? கடைக்காரருக்கு யார் பொறுப்பு?

படுவான்கரையான் எழுதியது:

அக்கா, பொலிசில் ஒரு என்ட்ரி போடுங்கள். பயந்து வருவார்.

எழுவான்கரை எழுதியது:

போட்டாயிற்று தம்பி. "இது சிவில் விசயம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

கோர்ட்_வாசல் எழுதியது:

பொலிஸ் சொன்னது சரி. காசு வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் குற்றவியல் பக்கம் போகலாம். மூன்று கட்டம் வேலை செய்தவர் மீது அதைக் காட்டுவது கடினம். இரவு வந்து விரிவாக எழுதுகிறேன். அதற்குள் ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்தையும், காசு அனுப்பிய வங்கிச் சிட்டைகளையும் படம் எடுத்து வையுங்கள். கட்டட நிலையையும் இன்றைய திகதி தெரியும்படி எடுங்கள்.

சென்னைவாசி எழுதியது:

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 73 பாருங்கள். ஒப்பந்தத்தை மீறினால் இயல்பாக வரும் நஷ்டத்துக்கு ஈடு கேட்கலாம். பிரிவு 74, முன்கூட்டியே எழுதிய அபராதத் தொகை பற்றியது. எழுதிய தொகைக்கு மேல் கிடைக்காது, நியாயமான அளவுதான். ஆனால் ஒப்பந்தத்தில் இல்லாதவர் பொதுவாக வழக்குப் போட முடியாது. டிரஸ்ட், குடும்ப ஏற்பாடு மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. அதனால் உங்கள் தம்பிதான் போட வேண்டும்.

மில்காரன்_சம்மாந்துறை எழுதியது:

ஐயா, களுவாஞ்சிக்குடி இன்னும் இந்தியாவோடு சேரவில்லை.

கோர்ட்_வாசல் எழுதியது:

சென்னைவாசி சொன்னது அவருடைய நாட்டுக்குச் சரி. இங்கே இலங்கையில் அந்தச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்துக்கென்று ஒரே சட்டப் புத்தகமாக எதுவும் நம்மிடம் இல்லை. பொதுவான ஒப்பந்தங்களுக்கு ரோமன்-டச்சுச் சட்டம்தான். அதைக் கொண்டுவந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். 1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1799 பிரகடனத்தில் அதுவரை இருந்த சட்டங்களைத் தொடர விட்டார்கள். கோட்டையைச் சுற்றுலாப் பயணிகள் பார்க்கிறார்கள், சட்டத்தை நாங்கள் இன்றைக்கும் பாவிக்கிறோம். பொருள் விற்பனைக்கு மட்டும் ஆங்கிலச் சாயலில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தனியாக இருக்கிறது.

முதலில் அம்மாவின் உரிமை. பழைய ரோமர் சட்டத்தில் ஒருவர் இன்னொருவருக்காக வாக்கு வாங்க முடியாது. ஒல்லாந்தில் ஹியூகோ குரோஷியஸ் போன்ற சட்ட அறிஞர்கள் அதைத் தளர்த்தினார்கள். இரண்டு பேர் சேர்ந்து மூன்றாம் ஆளின் நன்மைக்காக ஒப்பந்தம் செய்யலாம். அந்த மூன்றாம் ஆள் அதை ஏற்றுக்கொண்டால் தன் பெயரிலேயே வழக்குப் போடலாம். 'ஸ்டிப்புலாத்தியோ அல்டெரி' என்பார்கள். நம் நீதிமன்றங்களும் இதை ஏற்றிருக்கின்றன.

இதில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, ஏற்றுக்கொள்ளுதல். மூன்றாம் ஆள் ஏற்கும் வரை அந்த இரண்டு பேரும் தங்களுக்குள் பேசி நிபந்தனையை மாற்றலாம், விட்டும்விடலாம். நாளைக்குக் கொந்தராத்துக்காரர் தம்பிக்குப் போன் போட்டு ஏதாவது இனிக்கப் பேசி முடித்துவிட்டால் அம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே அம்மா இன்றைக்கே ஒரு கடிதம் எழுதட்டும்: "இந்த ஒப்பந்தத்தில் எனக்குத் தரப்பட்டிருக்கும் நன்மையை ஏற்றுக்கொள்கிறேன்." இரண்டு பேருக்கும் பதிவுத் தபாலில் போக வேண்டும். வளவைத் திறந்து கொடுத்தது, வேலையை மேற்பார்த்தது எல்லாம் நடத்தையால் ஏற்றுக்கொண்டதற்குச் சான்றாகும். ஆனாலும் எழுத்து எழுத்துத்தான்.

இரண்டாவது சிக்கல், அம்மாவுக்கு உரிமை கொடுக்க நினைத்தார்களா, இல்லை சாவியை வாங்கும் கையாக மட்டும் அவரைக் காட்டினார்களா என்பது. "காசை என் மச்சானிடம் கொடு" என்று நான் சொன்னால், மச்சான் என் சார்பில் வாங்குபவர்தான். தராவிட்டால் வழக்குப் போடுவது நான்தான். உங்கள் பந்தியில் முதல் வசனம் மட்டும் இருந்திருந்தால் நானும் தயங்குவேன். "தாயார் சுட்டிக்காட்டும் குறைபாடுகளை" என்ற இரண்டாவது வசனம் அவருக்கே ஒரு அதிகாரத்தைக் கொடுக்கிறது. அதை எழுதியவருக்கு என் வாழ்த்துகள்.

லண்டன்_மட்டுநகரான் எழுதியது:

சேர், ஒரு சந்தேகம். அம்மா ஐந்து சதம் கொடுக்கவில்லையே. இங்கே என்றால் "நீ என்ன கொடுத்தாய்" என்றுதான் முதல் கேள்வி.

கோர்ட்_வாசல் எழுதியது:

அது ஆங்கிலேயரின் பிரதிபலன் கோட்பாடு. ரோமன்-டச்சுச் சட்டத்துக்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தால் போதும். ஒரு சகோதரன் சகோதரிக்குப் பணம் தருவதாகக் கொடுத்த வாக்கு பற்றிய ஜயவிக்ரம எதிர் அமரசூரிய என்ற வழக்கு இங்கிருந்து, அப்போது நமக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில் வரை போனது. 1918இல் அவர்களே அதை ஒப்புக்கொண்டார்கள். அம்மாவுக்குத் தர வேண்டும் என்ற கடமை உணர்ச்சி தாராளமாகக் காரணமாகும்.

லண்டன்_மட்டுநகரான் எழுதியது:

நன்றி சேர். நான் சட்டத்தரணி இல்லை, இங்கே வீடு வாடகை சம்பந்தமான அலுவலகத்தில் வேலை, அந்தப் பழக்கத்தில் சிலது தெரியும். ஆங்கிலச் சட்டம் இந்த விசயத்தில் பட்ட பாடு பெரிய கதை.

நிலக்கரி வியாபாரி ஒருவர், பெஸ்விக் என்று பெயர், 1962இல் தொழிலைப் பெறாமகனுக்கு (சகோதரன் மகனுக்கு) எழுதிக் கொடுத்தார். தான் இருக்கும் வரை வாரா வாரம் ஒரு தொகை, தனக்குப் பிறகு மனைவிக்கு வாரம் 5 பவுண்; இதுதான் பேச்சு. மனுசன் போனதும் பெறாமகன் ஒரே ஒரு முறை 5 பவுண் கொடுத்துவிட்டுக் கையை விரித்தான். அந்த அம்மா ஒப்பந்தத்தில் ஆள் இல்லை, தன் பெயரில் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் செத்துப்போன கணவரின் சொத்தை நிர்வகிப்பவரும் அவரேதான். அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார். 1967இல் அப்போதைய உச்ச மன்றமான பிரபுக்கள் சபை பெறாமகனை வாக்கின்படி கட்டச் சொன்னது. நட்டஈடு என்று போயிருந்தால், இறந்தவருக்கு என்ன நட்டம் என்று பெயரளவுக்கு ஏதோ கிடைத்திருக்கும்.

இன்னொன்று நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது. ஜாக்சன் என்பவர் குடும்பத்தோடு இலங்கைக் கடற்கரையில் விடுமுறை கழிக்க ஒரு பயண நிறுவனத்திடம் 1,200 பவுணுக்குப் பதிந்தார். வந்து பார்த்தால் அறையும் சாப்பாடும் சொன்னபடி இல்லை. 1975இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1,100 பவுண் நட்டஈட்டை உறுதி செய்தது. மனைவி பிள்ளைகளின் ஏமாற்றத்துக்கும் சேர்த்து அவர் வாங்கலாம் என்றார் நீதிபதி டென்னிங் பிரபு. அந்தக் காரணத்தைப் பிறகு பிரபுக்கள் சபை ஏற்கவில்லை, அது வேறு கதை. கடைசியில் 1999இல் மூன்றாம் தரப்பு உரிமைகளுக்கென்றே பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. குரோஷியஸ் 1645இல் இறந்தவர் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மேசன்பாஸ்_திருக்கோவில் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். நானும் இதே தொழில்தான். 2022இல் சீமெந்தும் கம்பியும் மாதத்துக்கு மாதம் ஏறியபோது கையிலிருந்து போட்டு முடித்துக் கொடுத்த வீடுகள் எனக்கு உண்டு. அதில் ஒரு வீட்டுக்காரர் கடைசிக் கட்டக் காசை இன்னும் தரவில்லை. வெளிநாட்டுக் காசு வரும் வீடுகளில் நடுவில் "பாஸ், அற்றாச் பாத்ரூம் ஒன்று சேருங்கள்" என்பார்கள். பேப்பரில் இல்லை, காசும் இல்லை, ஆனால் பிந்தினால் குற்றம் எங்கள் மேல். அக்கா, நீங்கள் கேளுங்கள்: ஏதாவது கூட்டிச் செய்யச் சொன்னீர்களா? கட்டக் காசு நேரத்துக்குப் போனதா?

எழுவான்கரை எழுதியது:

நியாயமான கேள்வி அண்ணன். கூட்டிச் செய்யச் சொல்லவில்லை. குசினி ஜன்னல் ஒன்றைச் சிறிதாக்கச் சொன்னார் அம்மா, அவ்வளவுதான். மூன்றாம் கட்டம் லிண்டல் முடிந்த கிழமையே போனது. நாலாம் கட்டம் கூரை போட்ட பிறகு.

மேசன்பாஸ்_திருக்கோவில் எழுதியது:

அப்படியென்றால் அவரில்தான் பிழை. 40 இலட்சத்துக்கு லிண்டல் மட்டத்தில் நிற்கிறார் என்றால், உங்கள் காசில் வேறு எங்கோ ஒரு கூரை ஏறியிருக்கிறது.

கோர்ட்_வாசல் எழுதியது:

பாஸ் கேட்டது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஒரு பக்கம் தன் கடமையைச் செய்யாமல் மறுபக்கத்தைச் "செய்" என்று கேட்க முடியாது. நாலாம் கட்டக் காசு முதலில் வர வேண்டும் என்று எழுதியிருந்தால், வேலையை நிறுத்த அவருக்கு உரிமை இருந்திருக்கும்.

விலையேற்றம் பற்றி. செய்யவே முடியாமல் போவது ஒன்று, செய்தால் நட்டம் என்பது வேறொன்று. வெள்ளம் வந்து வளவு காணாமல் போனால் முதலாவது. சீமெந்து விலை ஏறியது இரண்டாவது. தொகையை நிலையாகப் பேசி, விலை ஏறினால் கூட்டலாம் என்று எழுதாமல் விட்டவர் அதைச் சுமக்க வேண்டும். 14 இலட்சம் தராவிட்டால் வேலை இல்லை என்று அவர் வட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அதை அழிக்காதீர்கள். செய்ய மாட்டேன் என்று அவரே சொன்னதற்கு அது சான்று. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின் பிறகு இப்படிப்பட்ட செய்திகளைச் சும்மா தள்ளிவிட முடியாது.

இனிப் பரிகாரம். பெரும்பாலானவர்கள் என்னிடம் வந்து "அவனை விடக் கூடாது சேர்" என்கிறார்கள். அதை மனுவில் எழுத முடியாது. உங்களுக்கு வீடு வேண்டுமா, காசு வேண்டுமா, அந்த ஆளே வேண்டுமா? இதை அம்மாவும் தம்பியும் முதலில் முடிவு செய்யுங்கள்.

அந்த ஆளே முடித்துத் தர வேண்டுமென்றால், பேசியபடி நிறைவேற்றச் சொல்லிக் கேட்கலாம். ஆங்கிலச் சட்டத்தில் அது நீதிமன்றம் மனது வைத்தால் தரும் சலுகை. நம் சட்டத்தில் அது உங்கள் உரிமை, ஆனால் நியாயத்துக்காக மறுக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. வளவு விற்கப் பொருந்தி மறுத்தவனுக்கு இது நன்றாக வேலை செய்யும். வீடு கட்ட மனமில்லாத ஒருவரை நீதிமன்றக் கட்டளையால் கட்ட வைப்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ஒவ்வொரு செங்கல்லையும் நீதிபதி வந்து பார்க்க முடியாது. என் கருத்து, இந்த வழியை விடுங்கள்.

மற்ற வழி: ஒப்பந்தத்தை முறித்து, வேறு மேசன் பாசைப் போட்டு முடித்து, நட்டத்தைக் கேட்பது. இங்கேதான் ஆட்கள் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். திகதி தவறியது உடனே நட்டஈட்டுக்குக் காரணமாகும். ஆனால் அதற்காக மட்டும் அடுத்த நாளே ஆளை வெளியே தள்ள முடியாது. திகதி தவறினால் முறியும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், அல்லது காலம்தான் அதன் உயிர் என்று சூழ்நிலை காட்ட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கோரிக்கைக் கடிதம்: இத்தனை நாளுக்குள் வேலையைத் தொடங்கி இந்தத் திகதிக்குள் முடி, இல்லாவிட்டால் ஒப்பந்தம் முறிந்ததாகக் கொள்வோம். கொடுக்கும் காலம் நியாயமாக இருக்க வேண்டும். நாலு நாளில் கூரை போடு என்று எழுதினால் அந்தக் கடிதம் நமக்கே எதிராக நிற்கும். முறித்த பிறகு மனம் மாறி "சரி, நீயே வா" என்று பழைய ஒப்பந்தத்துக்குத் திரும்பவும் முடியாது.

கணக்கு இப்படி வரும். 68இல் 40 போனது, மிச்சம் 28. புதிய பாஸ் முடித்துத் தர 39 கேட்டால் உங்கள் நட்டம் 11 இலட்சம். 39 இல்லை, கட்டிய 40உம் இல்லை. சொன்னபடி நடந்திருந்தால் எந்த நிலையில் இருப்பீர்களோ அந்த நிலைக்குக் காசால் கொண்டுவருவதுதான் நட்டஈடு. அதனால் புதிய ஆள் கை வைக்கும் முன் கியூ.எஸ் (கட்டட அளவை மதிப்பீட்டாளர்) ஒருவரைக் கொண்டு இருக்கும் வேலையை அளந்து அறிக்கை எடுங்கள். பிறகு எது யார் கட்டியது என்று பிரிக்க முடியாது. ஒரே ஆளிடம் விலை கேட்காமல் இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் வாங்குங்கள். நட்டத்தைக் குறைக்க முயன்றீர்களா என்று எதிராளி கேட்பார்.

எழுவான்கரை எழுதியது:

மிக்க நன்றி அண்ணன். அம்மாவின் வாடகை? அலைச்சல், மனவேதனை?

கோர்ட்_வாசல் எழுதியது:

மனவேதனைக்கு லண்டன்காரர் சொன்ன ஜாக்சன் வழக்கை இங்கே நம்பாதீர்கள். ஒப்பந்த வழக்கில் மனவருத்தத்துக்குக் காசு கொடுப்பதை ரோமன்-டச்சுச் சட்டம் பொதுவாக விரும்புவதில்லை. வாடகை வேறு. ஒப்பந்தம் எழுதும்போது அம்மா வாடகை வீட்டில் இருப்பது கொந்தராத்துக்காரருக்குத் தெரியுமா?

எழுவான்கரை எழுதியது:

அந்த வாடகை வீட்டு விறாந்தையில் இருந்துதான் எழுதினார்கள்.

கோர்ட்_வாசல் எழுதியது:

போதும்.

மில்காரன்_சம்மாந்துறை எழுதியது:

இடையில் புகுகிறேன், மன்னிக்கவும். போன மாரிப்போக அறுவடை நேரம் மில் மோட்டார் எரிந்தது. ஒரு வேலைத்தளத்தில் சுற்றக் கொடுத்தேன். மூன்று நாள் என்றவர் இரண்டு கிழமைக்கு மேல் இழுத்தடித்தார். வாசலில் மூடை மூடையாக நெல்லோடு வந்த ஆட்கள் எல்லாம் வேறு மில்லுக்குப் போனார்கள். அந்த வருமானத்தைக் கேட்கலாமா?

கோர்ட்_வாசல் எழுதியது:

காக்கா, உங்கள் வழக்கை 1854இலேயே இங்கிலாந்தில் பேசிவிட்டார்கள். குளொஸ்டரில் ஒரு மாவு மில், ஹாட்லி என்பவருடையது. இயந்திரத்தின் சுழல்தண்டு உடைந்தது. மாதிரிக்காக அதைப் பொறியியலாளரிடம் கொண்டுபோகக் கொடுத்தார்கள், கொண்டுபோனவர் பிந்தினார், மில் நின்றது. இழந்த இலாபம் கிடைக்கவில்லை. ஏனென்றால் வேறு தண்டு இல்லை, மில் முழுக்க நிற்கிறது என்பது கொண்டுபோனவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதாக நீதிமன்றம் கருதவில்லை. மீறலால் இயல்பாக வரும் நட்டம், அல்லது ஒப்பந்தம் செய்த நேரத்தில் இரண்டு பக்கமும் நினைத்துப் பார்த்திருக்கக்கூடிய நட்டம், அவ்வளவுதான். இங்கேயும் அளவுகோல் கிட்டத்தட்ட அதேதான். நீங்கள் கொடுக்கும்போது என்ன சொன்னீர்கள்?

மில்காரன்_சம்மாந்துறை எழுதியது:

"வேறு மோட்டார் இல்லை, அறுவடை நேரம், மில் பூட்டிக் கிடக்கு" என்று வட்ஸ்அப்பில் வொய்ஸ் போட்டேன். அவர் "இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை" என்று பதில் போட்டார்.

கோர்ட்_வாசல் எழுதியது:

அந்த வொய்ஸ் கொடுக்கும் முன்னா, கொடுத்த பிறகா? முன் என்றால் ஹாட்லியைவிட உங்களுக்கு இடம் நல்லது. வருமானக் கணக்குக்கு முந்திய போகங்களின் சிட்டைப் புத்தகங்களை எடுத்து வையுங்கள். "நாளுக்கு இவ்வளவு வரும்" என்ற வாய்க் கணக்கு நிற்காது. எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எழுத்தில் இருந்தால் ஆறு. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம். சிறிய தொகை என்றால் முதலில் மத்தியஸ்த சபை. சமரசம் ஆகவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் எடுக்காது.

ஹார்ட்வெயார்_காக்கா எழுதியது:

அந்த அம்மாவிடம் சத்தம் போட்ட கடைக்காரன் நான் இல்லை. ஆனால் இதே மாதிரி பில்கள் என் மேசையிலும் கிடக்கின்றன. சாமான் அவர்கள் வளவில் இறங்கியது, அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கொந்தராத்துக்காரர் ஓடினால் நாங்கள் எங்கே போவது?

கோர்ட்_வாசல் எழுதியது:

உங்கள் கோபம் புரிகிறது காக்கா. ஆனால் யார் கேட்டு யாருக்கு விற்றீர்கள்? பில் யார் பெயரில்? இரண்டு பேர் சேர்ந்து மூன்றாம் ஆளுக்கு நன்மை செய்யலாம், அவருடைய சம்மதம் இல்லாமல் அவர் தலையில் கடனை ஏற்ற முடியாது. கடனுக்கு விற்று இறக்கிக் கொடுத்த சாமான் பொதுவாக வாங்கியவருடையதாகிவிடும்; உங்களுக்கு மிச்சம் காசு கேட்கும் உரிமைதான். அதனால் வளவில் கிடக்கும் கம்பியை லொறியில் ஏற்றிக்கொண்டு போகவும் முடியாது.

"அம்மா தாறேன் என்று சொன்னார்" என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். இன்னொருவரின் கடனுக்குப் பொறுப்பு நிற்பதாகச் சொன்ன வாக்கு எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும்; மோசடிகளைத் தடுக்கும் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எழுவான்கரை, அம்மா பயத்தில் எந்தப் பேப்பரிலும் கையெழுத்து வைக்க வேண்டாம், "கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன்" என்றும் எழுத வேண்டாம்.

காக்கா, உங்களுக்கு அவசரமான விசயம்: கொடுத்த சாமானுக்கான கடைக் கடனுக்குக் காலாவதி ஒரே வருடம். கொந்தராத்துக்காரரிடம் "இவ்வளவு தர வேண்டும்" என்று கையெழுத்து வாங்குங்கள், காலம் புதிதாக ஓடும். இனிமேல் பெரிய ஓடர் என்றால் வீட்டுக்காரரையும் எழுத்தில் பொறுப்பாக நிற்கச் சொல்லுங்கள்.

ஹார்ட்வெயார்_காக்கா எழுதியது:

ஒரு வருடமா! கொப்பியை எடுத்துப் பார்க்கிறேன்.

படுவான்கரையான் எழுதியது:

சேர், நானும் ஒன்று கேட்கிறேன். என் மாமா, ஒருவரிடமிருந்து வளவு வாங்க வெள்ளைப் பேப்பரில் எழுதி அட்வான்ஸ் கொடுத்தார். இப்போது விற்பவர் தர மாட்டேன் என்கிறார்.

கோர்ட்_வாசல் எழுதியது:

காணி விற்கும் பேச்சு நொத்தாரிசு முன், இரண்டு சாட்சியோடு எழுதாவிட்டால் செல்லாது. அதே 1840 சட்டம். அந்தப் பேப்பரை வைத்து உறுதி எழுதித் தரும்படி கேட்க முடியாது. அட்வான்ஸ் காசு தனி விசயம், புதிய இழை திறவுங்கள். வீடு கட்டும் கொந்தராத்துக்கு நொத்தாரிசு தேவையில்லை, யாரும் குழம்ப வேண்டாம்.

சென்னைவாசி எழுதியது:

கிழமைக்கு 20,000 ரூபா அபராதம் பற்றி யாரும் பேசவில்லையே?

கோர்ட்_வாசல் எழுதியது:

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். பிந்துவதால் வரும் நட்டத்தை முன்கூட்டியே நேர்மையாக மதிப்பிட்ட தொகையா, ஆளைப் பயமுறுத்த எழுதிய தண்டமா என்று பார்ப்பார்கள். இங்கேயிருந்தே ஒரு வழக்கு போயிருக்கிறது: வெப்ஸ்டர் எதிர் பொசன்கே, பிரிவிக் கவுன்சில், 1912. தோட்டத் தேயிலையை முதலில் மற்றவருக்குக் கேட்டுவிட்டுத்தான் வெளியில் விற்க வேண்டும், மீறினால் 500 பவுண் என்ற பேச்சு. அது நட்டத்தின் மதிப்பீடுதான் என்று 500ஐயும் கொடுக்கச் சொன்னார்கள்.

68 இலட்சம் வீட்டுக்குக் கிழமைக்கு 20,000 பெரிதா சிறிதா? அம்மாவின் வாடகை மாதம் 18,000, கிழமைக்கு 20,000 என்றால் மாதம் 80,000க்கு மேல். எதிராளியின் சட்டத்தரணி இதைத்தான் முதலில் பிடிப்பார். நானாக இருந்தால் அந்தத் தொகையைக் கேட்பேன், குறைத்தால் வாடகையாவது என்று மாற்றுக் கோரிக்கையும் வைப்பேன். இரண்டும் சேர்த்துக் கிடைக்காது. ஒரே தாமதத்துக்கு இரண்டு முறை காசு இல்லை.

லண்டன்_மட்டுநகரான் எழுதியது:

சேர், தம்பி வராமல் முடியுமா? கட்டாரில் லீவு கிடைப்பது கஷ்டம்தானே.

கோர்ட்_வாசல் எழுதியது:

இரண்டு பேரையும் வழக்காளியாகப் போடுங்கள். "அம்மாவுக்கு உரிமை இல்லை" என்று எதிராளி சொன்னால் தம்பி நிற்கிறார், "தம்பிக்கு என்ன நட்டம்" என்றால் அம்மா நிற்கிறார். தம்பி கட்டாரிலுள்ள நம் தூதரகத்தில் அக்காவின் பெயரில் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி அனுப்பட்டும். அதில் வழக்குப் போட, சமரசம் பேச, காசு வாங்க என்று தெளிவாக இருக்க வேண்டும்.

எழுவான்கரை எழுதியது:

ஒரு மாதத்துக்குப் பிறகு வருகிறேன். அம்மாவின் ஏற்புக் கடிதமும் தம்பி சார்பில் கோரிக்கைக் கடிதமும் ஒரே நாளில் போயின. கெடு முடிய ஐந்து நாள் இருக்கும்போது கொந்தராத்துக்காரர் மச்சானோடு வீட்டுக்கு வந்தார். கியூ.எஸ் அறிக்கைப்படி வளவில் நடந்த வேலையின் பெறுமதி 31 இலட்சம். தான் விலகிக்கொள்வதாகவும், கூட வாங்கிய 9 இலட்சத்தை ஆறு காசோலையாகத் தருவதாகவும், ஹார்ட்வெயார் கடனைத் தானே கட்டுவதாகவும் சொல்கிறார். புதிய பாஸ் மிச்ச வேலைக்குக் கேட்பது 38. அதாவது ஒரு இலட்சமும் வாடகையும் நாங்கள் விட வேண்டும். அம்மா "போகட்டும் மகள், முடியுங்கள்" என்கிறார். எழுதிக் கொண்டுவந்த பேப்பரில் "இத்துடன் சகல கோரிக்கைகளும் முடிவுற்றன" என்று இருக்கிறது. வைக்கலாமா?

கோர்ட்_வாசல் எழுதியது:

தொகை நியாயம்தான். வருடக் கணக்கில் வழக்கு நடத்தி அந்த ஒரு இலட்சத்தை எடுப்பதைவிட அம்மா சொல்வது புத்தி. ஆனால் அந்த வசனத்தோடு வைக்க வேண்டாம். சமரசம் ஒரு புதிய ஒப்பந்தம். கையெழுத்து வைத்ததும் பழைய உரிமைகள் போய்விடும். முதல் காசோலை திரும்பினால் உங்களிடம் இருப்பது 9 இலட்சக் கடன் மட்டும். மாற்றி எழுதுங்கள்: ஆறு காசோலையும் பணமான பிறகே பழைய கோரிக்கைகள் முடியும், ஏதாவது ஒன்று திரும்பினால் மிச்சத் தொகை முழுவதும் உடனே செலுத்த வேண்டும், பழைய ஒப்பந்தத்தின்படி நட்டஈடு கேட்கும் உரிமையும் மீளும். அம்மா, தம்பி சார்பில் நீங்கள், அவர், மூவரும் கையெழுத்து. கணக்கில் பணம் இல்லாமல் காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டப்படி குற்றமும் ஆகலாம் என்பதை மச்சான் இருக்கும்போதே ஞாபகப்படுத்துங்கள்.

ஹார்ட்வெயார்_காக்கா எழுதியது:

கடைக்காரரின் கடனை அவர் கட்டுவார் என்பதையும் அதில் எழுதி, கடைக்காரரிடம் ஒரு பிரதி கொடுங்கள் தங்கச்சி. அவரும் ஏற்றுக்கொண்டதாக எழுதினால், சேர் சொன்ன மூன்றாம் ஆள் உரிமை அவருக்கும் வருமல்லவா?

கோர்ட்_வாசல் எழுதியது:

வரும் காக்கா. அப்படியே எழுதுங்கள்.

எழுவான்கரை எழுதியது:

எல்லாம் சேர்த்து எழுதி நேற்றுக் கையெழுத்து ஆயிற்று. முதல் காசோலை அடுத்த மாதம் 5ஆம் திகதி. பாஸ் அண்ணன், உங்களிடம் கடைசியாக ஒன்று: கூரைக்கு ஓடா, சீற்றா என்று தம்பி கேட்கிறான்.

மேசன்பாஸ்_திருக்கோவில் எழுதியது:

கடல் எவ்வளவு தூரம்? கிட்ட என்றால் ஓடு. மரம் காய்ந்ததா என்று பார்த்து வாங்குங்கள், விலை ஏறினால் யார் தலையில் என்று இந்த முறை பேப்பரில் எழுதுங்கள்.